தாடியில் கசகசா

அரபு நாட்டில், அல் ஐன் ஊருக்குப் போவதற்காக இறங்கிய விமான நிலையத்தில், சுங்கச் சோதனை வரிசையில் நிற்கிறேன். நாம் குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசா இங்கே போதைப்பொருள். லீவு முடிந்து திரும்பும் புதுக்கோட்டை வேலு எனக்கு முன்னால் நிற்கிறார். ரூம்காரர்களுக்குக் கொண்டுபோகும் மசாலாப் பொட்டலம் ஒவ்வொன்றிலும் 'கசகசா மாஃபி', அதாவது கசகசா இல்லை என்று அரபியில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்.

அதைப் படித்த பிறகுதான் அதிகாரி கத்திரிக்கோலையே எடுக்கிறார். ஏழு பொட்டலமும் பிரிகின்றன. வரிசை மொத்தமும் தும்முகிறது.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் பன்னைக் கடித்தபடி வருகிறார். பன் மேல் அப்பிக் கிடப்பது கசகசா; தாடியிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. நம்முடையது வெள்ளை, அவருடையது கறுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டே, அவரைப் போகச் சொல்லிக் கைகாட்டுகிறார்.

வேலுவின் காதில், "அது கசகசாதானே?" என்கிறேன்.

"அவரு தாடியில இருக்குற வரைக்கும் ரொட்டி சார். நம்ம சட்டையில விழுந்தா கேஸு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."