அம்மாவுக்குத் தமிழில் சொன்ன தொடர்

வேலைக்குப் போவதை நிறுத்தி மூன்று மாதமாகியும் அம்மாவின் தலைமுடியில் ரப்பர் பால் வாடை போகவில்லை. பாயில் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு டிவி பார்த்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களை நினைத்தால் அந்த வாடைதான் முதலில் வருகிறது...

ஈப்போ நகருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் ஃபார்ம் ஒன், இடைநிலைப் பள்ளியில் முதல் வருஷம். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அப்பா சித்தப்பாவிடம் சொல்லும்போது நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டேன்.

அப்போது ஒரு பழைய ஆங்கில நாவலைத் தொடராகப் போட்டார்கள். அப்பா இல்லாத ஒரு சிறுமி, அம்மாவை விட்டுத் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், வளர்ந்து பெரியவளாகும் கதை. பேச்சு ஆங்கிலம், கீழே மலாய் எழுத்து. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லவேண்டும். கொஞ்சம் தாமதித்தால் முழங்கையால் இடிப்பார்.

ஐந்தாவது வாரமோ ஆறாவதோ...

தலைமையாசிரியை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, உன் அம்மா இறந்துவிட்டாள் என்றார்.

அம்மாவின் முழங்கை இடித்தது.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"அவங்கம்மா ஊருக்குப் போயிருக்காங்களாம். கொஞ்ச நாள் கழிச்சு வருவாங்களாம்."

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ள மொகத்தப் பாத்தாலே தெரியுதுலா. சரியா சொல்லு."

சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அம்மா அழவில்லை. என் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "யார் சொன்னாலும் நீ ஸ்கூலை நிறுத்தாத," என்றார். அவ்வளவுதான்.

இரண்டு வாரத்தில் ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. தம்பிகளைப் பார்த்துக்கொள்ள நான் வீட்டில் இருக்கட்டும் என்றார் அத்தை. முடியாது என்று அடம்பிடித்தேன். படித்தேன். அந்தத் தொடரை மட்டும் அதன்பிறகு பார்க்கவில்லை.

தோட்டம் இப்போது இல்லை, தொழிலாளர்களின் லயன் வீடுகள் இருந்த இடமெல்லாம் எண்ணெய்க்கான செம்பனை மரங்கள். போன மாதம் என் மகள் அதே கதையைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள் என்று லேப்டாப்பில் போட்டாள். அந்த இடம் வந்ததும், "சோகமா இருக்கும்மா, ஸ்கிப் பண்ணவா?" என்றாள்.

வேண்டாம், ஓடட்டும் என்றேன்.

இப்போதெல்லாம் டாக்டர்கள் நோயாளியிடமே நேராகச் சொல்லிவிடுகிறார்கள். அன்று அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை, அவரும் எங்களிடம் கேட்கவில்லை. தெரிந்துகொண்டே எத்தனை நாள் தனியாகப் படுத்திருந்தாரோ...

அவர் இறந்த வயதைத் தாண்டி எனக்குப் பத்து வருஷமாகிறது. அன்று அவரோடு உட்கார்ந்து பேசியிருக்கலாம்.