ஏரித்தண்ணீரில் போட்ட மேல்தளம்

“பூசி மறைக்கிறதுக்கு அது இன்னா உன் மூஞ்சியாடா?”

காசியம்மாள் போட்ட சத்தம், கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் கேட்டது. எதிரே நின்றவன் தசரதன். கோட்டைக்குப்பத்தை அடுத்த அந்தக் குப்பத்தில் பாதி மாடிவீடு அவன் கட்டியதுதான். பூச்சு வேலைக்கு ஓர் ஆளையும் ஒரு சிமெண்டு மூட்டையையும் கூடவே கொண்டு வந்திருந்தான்.

“கோச்சிக்காத அத்தே. வீடு கட்டி பத்து வருசம் ஆவுது. உப்புக்காத்து அடிக்கிற ஊரு, உதுரத்தான் உதுரும். சும்மா பூசித் தரேன்னுதானே வந்துகிறேன்?”

“உன் வீடும் இதே காத்துலதான் கீது. அது ஏன் உதுரல? உன் வூட்டுப் பக்கம் மட்டும் காத்து சக்கரையா அடிக்குதா?”

கரையில் யாரோ சிரித்தார்கள். தசரதன் மூட்டையைத் தூக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அதற்கு முந்தின ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் கூடத்தில் படுத்திருந்த காசியம்மாள் மேல் மேல்தளம் பெயர்ந்து விழுந்தது. துருப்பிடித்த கம்பியோடு வந்த பாளம் வலது தோளை நொறுக்கியது. ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். கை பிழைத்தது. ஆனால் தோளுக்கு மேல் ஏறவில்லை.

மற்றவர்களுக்கு அது ஒரு கை. காசியம்மாளுக்கு அதுதான் பிழைப்பு. புருஷன் பச்சைமுத்து சம்பாதித்ததை எல்லாம் குடித்து, குடித்தே செத்தான். மகன் சரவணன் அப்போது சின்னப் பையன். அன்றிலிருந்து மடவையும் இறாலும் கூடையில் போட்டு, பஸ் பிடித்து, அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கத்துத் தெருக்களில் கூவி விற்றாள். மீன் கூடையைத் தலைக்கு ஏற்ற எந்தப் பெண்ணும் பக்கத்தில் ஆள் தேடுவாள். காசியம்மாள் தேடியதில்லை. ஒரே எம்பில் தானே ஏற்றிக்கொள்வாள். அந்த மீன் காசில்தான் ஓலை வீட்டை இடித்துவிட்டு, தசரதனை வைத்துக் கல்வீடு கட்டினாள். இப்போது கூடைக்குக் கை கொடுக்கச் சொல்லி ஊர்ப் பெண்களைக் கெஞ்ச வேண்டியிருந்தது. வலியைப் பொறுத்துக்கொண்டாள். கெஞ்சுவதைப் பொறுக்க முடியவில்லை.

உண்மை ஒரு சாவு வீட்டில் வெளியே வந்தது. தசரதனிடம் முன்பு கொத்து வேலை பார்த்த சுப்பன் போதையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதான்.

“அக்கா, தளம் போட்ட அன்னிக்கு லாரித் தண்ணி வரவே இல்ல. ஜல்லி மிஷினு வாடகை ஏறுதுன்னு ஏரியிலேர்ந்து உப்புத்தண்ணிய மோட்டார் போட்டு இழுக்கச் சொன்னான். நீ எங்களுக்குக் கறி வாங்க பொன்னேரி போய்ட்ட.”

“இத கோர்ட்டுல வந்து சொல்றியா?”

சுப்பனுக்குப் போதை தெளிந்துவிட்டது. “ஊரு என்ன வெச்சிக் குடித்தனம் பண்ண உடுமா?” என்று எழுந்து போனான்.

அவன் பயந்ததில் தப்பில்லை. அந்த ஊரில் எந்த வழக்கும் அம்மன் கோயில் வாசலைத் தாண்டக் கூடாது. போலீசுக்கோ கோர்ட்டுக்கோ போனால் தண்டம். அதோடு அந்த வீட்டுக்குப் பாடும் கிடையாது. பாடு என்பது ஏரியில் வலை கட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் சுற்றி வரும் முறை. அது போனால் அடுப்பு அணைந்த மாதிரி.

பொன்னேரி வக்கீல் அம்பிகாவிடம் போய்க் கேட்டாள்.

“தப்பு உள்ள மறைஞ்சிருந்தா, அது தெரிய வந்த நாள்லேர்ந்துதான் கேஸ் போடுற கெடு ஆரம்பம்னு வாதாடலாம்மா. அது ஒண்ணும் பிரச்சனை இல்லை. ஆனா உப்புக் காத்துலதான் கெட்டுப்போச்சுன்னு அவர் சொல்லுவார். அவர்தான் ஏரித்தண்ணி ஊத்தினார்னு சொல்ல ஒரு ஆள் வேணும்.”

“எங்க ஊர்ல ஒருத்தனும் வர மாட்டான்.”

“வேற ஊர் ஆள் யாராவது?”

காசியம்மாள் பஸ் ஏறினாள். வீடு வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

காட்டூரிலிருந்து ஜெயம்மா இறால் எடுக்க வண்டியோடு வருவாள். கரையில் தராசு கட்டி, சாயங்காலம் வரை இருப்பாள். அவள் வரும் நாளாகப் பார்த்து, ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டச் சொன்னாள் காசியம்மாள். கோர்ட்டுக்குப் போகப்போவதாக அதுவரை முறுக்கிக்கொண்டு திரிந்தவள் கோயில் வாசலுக்கு வந்ததில் தலைவருக்குப் பெருமை.

“கேஸு கீஸு ஒண்ணும் வாணாம். அம்மனுக்கு முன்னாடி கற்பூரம் அணைச்சி அவன் சொல்லட்டும், நல்ல தண்ணியிலதான் தளம் போட்டேன்னு. நான் வாய மூடிக்கிறேன்.”

தசரதனின் மகன் அந்த வாரம்தான் புது பைபர் படகில் கடலுக்கு இறங்க இருந்தான். அதையும் பார்த்துத்தான் அவள் நாள் குறித்திருந்தாள். கற்பூரம் எரிந்தது. தசரதன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மகன் கடலில் இருக்கும்போது பொய்ச் சத்தியம் தலைக்கு வரும் என்று அந்த ஊரில் நம்பாதவன் இல்லை. பாதிக்கு மேல் எரிந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“ஒரே நாளு. லாரி வரல. ஏரித்தண்ணி ஊத்திட்டேன்.”

தண்டம் போட்டார்கள். கோயிலுக்கு ஒரு தொகை. கூடவே, குற்றத்தைத் தன் வாயாலேயே மைக்கில் சொல்ல வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். தசரதன் மைக்கைப் பிடித்தான். “காசியம்மாள் வீட்டு மேல்தளத்தை ஏரித்தண்ணியில போட்டது நான்தான்” என்று புளிய மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் ஏரி முழுக்கச் சொன்னது. ஊர் விஷயம் ஊரோடு முடிந்தது என்று எல்லோரும் கலைந்தார்கள். ஊர் ஆட்களின் வாயைக் கட்ட அவர்களுக்குத் தெரியும். கரையில் இறால் நிறுத்துக்கொண்டிருந்த காட்டூர்க்காரி ஒருத்தியின் ஞாபகம் யாருக்கும் வரவில்லை.

“கேட்டியாடி?” என்று கரைக்குப் போய்க் கேட்டாள் காசியம்மாள்.

“செவுடனுக்கே கேட்டிருக்கும்,” என்றாள் ஜெயம்மா. “வந்து சொல்லணுமா?”

“சொல்லணும்.”

“உங்க ஊர்ல எனக்கு இறால் குடுக்காம நிறுத்திடுவானுங்க.”

“குடுக்காம எங்க போவானுங்க? உன்ன மாதிரி ரொக்கம் குடுக்கிறவ எவ கீறா?”

திருவள்ளூர் நுகர்வோர் கோர்ட்டிலிருந்து தசரதனுக்கு நோட்டீஸ் வந்த அன்றைக்கே சரவணனின் பாடு நின்றது. அவன் வலையைக் கூடத்தில் வீசி எறிந்தான்.

“இன்னா வேலமா பண்ணிக்கிற? அந்தாளு மைக்குல சொல்லி மானங்கெட்டான் இல்ல? அது போதாதா உனக்கு?”

“போதாது.”

“எம்புள்ளைங்க சோத்துக்கு இன்னா பண்ணும்?”

“பாடு அடுத்த வருசம் வரும்டா. என் கை வருமா?”

சரவணன் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டு அத்திப்பட்டுப் பக்கம் லோடு ஏற்றும் வேலைக்குப் போனான். காசியம்மாளைத் தெருவில் யாரும் கூப்பிடுவதில்லை. கூடைக்குக் கை கொடுக்கவும் யாரும் வரவில்லை. இடது கையில் தூக்க முடிந்த அளவுக்கு ஒரு வாளியில் நண்டு எடுத்துக்கொண்டு போனாள். வாய்தா என்றால் மட்டும் நண்டு கிடையாது. வெளுத்த புடவை கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய், தசரதன் கண்ணில் படுகிற மாதிரி எதிர் பெஞ்சில் உட்காருவாள். அவன் வேறு பக்கம் பார்க்கும் வரை பார்த்துக்கொண்டே இருப்பாள்.

கோர்ட் அனுப்பிய இன்ஜினியர் தளத்தைத் துளைத்து எடுத்துப் போய், உள்ளே ஆழத்திலும் உப்பு இருக்கிறது, அது காற்றில் வந்ததல்ல என்று எழுதினார். தசரதனின் வக்கீல் ஜெயம்மாவை மடக்கப் பார்த்தார்.

“ஊர்க் கூட்டத்துல உங்களுக்கு என்னம்மா வேலை?”

“கூட்டத்துக்கு எவ போனா? நான் கரையில இறால் நிறுத்தினு இருந்தேன் சார். ஸ்பீக்கர் கத்தினா காதப் பொத்திக்கணும்னு எங்க ஊர்ல யாரும் சொல்லித் தரல.”

தீர்ப்பு காசியம்மாள் பக்கம் வந்தது. மேல்தளத்தை முழுவதும் இடித்து மறுபடி போடும் செலவும், கைக்கு நஷ்ட ஈடும் தசரதன் கொடுக்க வேண்டும். அம்பிகா கைகூப்பி, “சந்தோஷமாம்மா?” என்றாள். காசியம்மாள் தசரதன் படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னும் இல்ல” என்றாள்.

பொன்னேரியில் இறங்கி ஒரு வெடிக்கடைக்குள் போனாள்.

“ஐயாயிரம் வாலா ஒண்ணு குடு.”

“இன்னா விசேஷம் ஆயா? கல்யாணமா?”

“சாவு. பொணம் இன்னும் நடமாடிக்கினு கீது.”

பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்த் தசரதன் வீட்டு வாசலில் நீளமாகப் பிரித்துப் போட்டாள். பாடைக்கு முன்னால் கொளுத்துகிற மாதிரி இடது கையால் கொளுத்தினாள். உள்ளே ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டன. புகையில் இருமிக்கொண்டே தலைவர் ஓடி வந்தார்.

“இதுக்கும் தண்டம் உண்டு, காசி!”

“போட்டுக்கோ. மைக்கக் குடு, நானே சொல்றேன்.”

சரம் கடைசி வரை வெடித்தது. அவள் நகரவில்லை. எதை வாங்கினாலும் பாதி விலைக்குக் கேட்கிறவள், அன்று கடைக்காரனிடம் ஒரு பைசா பேரம் பேசியிருக்கவில்லை. இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்.