மாலை விழாத வரவுப்பாட்டு

கொழும்பில் ஆண்டுதோறும் மார்கழியில் ஒரு பன்னாட்டுக் கலைவிழா நடக்கும். குளிர்கால விழா என்று பெயர். அந்தப் பெயரை நம்பி வந்த வெள்ளைக்காரர்கள் வியர்வையில் நனைந்து, நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கடற்கரைக் கிராமமான ஓலைத்தொடுவாயின் கூத்தையும் ஒருமுறை அதற்கு அழைத்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. அங்கே நான் செய்ததை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட வாய்வரை வந்து திரும்பியிருக்கிறது. இனிச் சுமக்கத் தெம்பில்லை.

மாமா, அம்மாவின் தம்பி, கரைவலை இழுப்பவர். கிறிஸ்தவ வேதத்துக்காக உயிர்விட்ட அர்ச்சியசிட்டவர் ஒருவரின் கதையில் அந்தப் புனிதரின் தாயாக வேடம் கட்டுவார். மாமிக்கு இரண்டு குழந்தைகள் பிறந்த சில நாளிலேயே இறந்திருந்தன. மூன்றாவது வயிற்றில் இருந்தது. அது தங்கவேண்டும் என்று, அந்த ஆண்டு தாயின் கடைசிப் புலம்பலைப் பாடி, மங்களம்வரை ஆடி முடிப்பதாக மாமா நேர்த்தி வைத்திருந்தார். புயல் கொட்டகையைக் கொண்டுபோனதால் ஊரில் கூத்து இல்லை. கொழும்பில் கொடுத்த அரைமணி நேரம்தான் அவருக்கு இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஆடுபவர் மேடைக்கு வந்து வரவுப்பாட்டைப் பாடும்போது, உறவினர் ஒருவர் ஏறி மாலை போடவேண்டும். அதுவரை அவர் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு நிற்பார். பயணம் செய்ய முடியாத மாமி, கடதாசிப் பூவில் மாலை கட்டி என்னிடம் தந்தார்.

“பாடத் தொடங்கினவுடன ஏறிப் போட்டிடு ராசா. மாமாவைக் காக்க வைக்காதை, என்ன?”

“ஓம் மாமி.”

எங்களுக்கு முன்னால் வெள்ளைக்காரப் பெண்கள் நுனிக்காலில் நின்று பஞ்சுபோல ஆடிவிட்டுப் போனார்கள். பிறகு மாமா வந்தார். மீசை மழித்த முகத்தில் பூசிய வெள்ளை வியர்வையில் வழிந்தது. சேலைக்கு வெளியே, கயிறு இழுத்துக் காய்த்த கைகள். என் பக்கத்தில் சப்பாத்துப் போட்ட கொழும்புப் பையன் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“சேலை கட்டின ஆம்பளடா! ஒனக்கு ஆள தெரியுமா?”

“தெரியாது,” என்றேன்.

அப்படிச் சொன்னபிறகு எப்படி ஏறுவது? மாலையைக் காலால் நான் இருந்த கதிரைக்குக் கீழே தள்ளினேன்.

மாமா பாடி முடித்துச் சபையைப் பார்த்தார். மறுபடி பாடினார். ஓரத்தில் நின்ற, கூத்துப் பழக்கிய அண்ணாவியார், விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும்படி கையைக் காட்டினார். மாமா போகவில்லை. ஒவ்வொரு வரிசையாகத் தேடிக்கொண்டே எத்தனை முறை பாடினாரோ தெரியாது. நான் குனிந்திருந்தேன். கடைசியில் மாலை இல்லாமலே கதை நகர்ந்தது. மகனை வெட்டக் கொண்டுபோகும் இடத்தில் அரைமணி நேரம் முடிந்து மணி அடித்து, திரை விழுந்தது. முடிந்துவிட்டது என்று எண்ணி வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். திரைக்குப் பின்னால் மாமாவின் குரல் புலம்பலைத் தொடங்கி, நின்றுபோனது.

திரும்பும் ரயிலில்தான் கேட்டார்.

“எங்கையடா போனனீ?”

“ஒண்டுக்குப் போனனான் மாமா. திரும்பி வர வழி தெரியேல்ல.”

“நீ துலைஞ்சு போனியோ எண்டு பயந்திட்டன்.” என் தலையைத் தடவினார். “மாமியிட்ட முழுக்க ஆடினது எண்டு சொல்லு.”

என்னை ஏச்சிலிருந்து காப்பாற்றுகிறார் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

மாமி வாசலிலேயே மறித்தார். “நேர்த்தி முடிஞ்சுதோ?”

“முழுக்க ஆடினவர் மாமி.”

அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

பங்குனியில் பெண்குழந்தை பிறந்தது. தங்கியது. அது தும்மினால் மாமா கடலுக்குப் போகமாட்டார். அது அயர்ந்து தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பார். அது பள்ளிக்கூடம் போகும் வயதிலும் அப்படித்தான்.

“பொம்பிளைப்பிள்ளை எண்டால் இவனுக்கு உயிர்,” என்று அம்மா சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்தேன்.