ஆல்பர்ட் கண்டுபிடித்த ஸ்க்ரூ

முதுகெலும்பில் கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் முதுகில் மின்னும் உருண்டைகளை ஒட்டி, குனியச் சொல்லி, அந்த இடம் ஆடுகிறதா என்று கேமராக்களால் அளப்பது என் தொழில். கூடவே வேலை பார்க்கும் ஆல்பர்ட்டைப் பற்றி எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு கதை உண்டு. அதைப் பல வருஷமாக நான் நம்பவில்லை. அடுத்த மேசைக்காரரின் புகழைக் கேட்டுக்கொண்டே டீ குடித்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

கை

கழுத்தில் துருத்தும் எலும்பிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணி, பேனாவால் புள்ளி வைத்த பிறகுதான் நான் ஒட்டுவேன். அரை மணி நேரம் ஆகும். ஆல்பர்ட் கன்னடத்தில் ஊர்க்கதை பேசியபடியே கட்டைவிரலை ஓடவிட்டுப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவான். ஒருநாள் ஒக்கலிபுரத்து ஆட்டோ டிரைவர் ஒருவருக்கு நான் முதல் உருண்டையை ஒட்டியதும் அவர் நெளிந்தார்.

"ஆல்பர்ட் அண்ணன் இன்னைக்கு லீவா சார்? உங்க கை ஐஸ் மாதிரி இருக்கு."

தோல்

அதன்பிறகு டீ கிளாஸைப் பிடித்துக் கையைச் சூடாக்கிக்கொண்டு போனேன். அளவுதான் என் பக்கம் வரவில்லை. ஒரு பருத்த வியாபாரி குனிந்தபோது கம்பி வைத்த இடம் நன்றாகவே ஆடுவதாகத் திரை காட்டியது; அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஆல்பர்ட் மறுபடி ஒட்டி அளந்தான். ஆட்டமே இல்லை. எலும்பு அசையவில்லை, மேலே தோல்தான் வழுக்கியிருக்கிறது. டாக்டர் அவன் எதிரிலேயே என்னிடம் சொன்னார்:

"நீங்க எலும்பை அளக்கல. சட்டையை அளந்திருக்கீங்க."

மிஸ்

இனி அந்தக் கதை. லிங்கராஜபுரத்து பிலோமினா மிஸ்ஸை அளந்தபோது, ஸ்க்ரூ தளர்ந்திருப்பதை ஆல்பர்ட் திரையிலேயே பிடித்துவிட்டானாம். ஸ்கேனிலும் அதுதான் தெரிந்ததாம். உடனே மறு ஆபரேஷனாம். அதற்கு மூன்று மாதம் முன்பு அவரை அளந்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான். அவன் எடுத்த பதிவை யாருக்கும் தெரியாமல் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அதிர்ஷ்டக்காரன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் மிஸ் செக்கப்புக்கு வந்தார். அன்று ஆல்பர்ட் திரையில் எதைப் பார்த்தான் என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

"அவன் ஸ்க்ரீனை எங்கே பார்த்தான்? நான் குனியறப்போ என் மூஞ்சியைத்தான் பார்த்துட்டிருந்தான். 'வலிக்குதா மிஸ்'னான். ஆமான்னேன். உடனே டாக்டரைக் கூப்பிட்டுட்டான்."

எட்டு கேமரா வைத்த எங்கள் அறையில் முகத்தைப் பார்க்க ஒன்றுகூடக் கிடையாது.

அவர் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே கேட்டேன்: "அதுக்கு முந்தி நான் அளந்தப்போவும் வலிச்சுதா, மிஸ்?"