ஆயுத பூசையன்று ஒரு மோட்டார்

என் மனைவிக்கு நுரையீரல் நோய் இருந்தது. பெட்ரோல், டீசல் புகை பட்டால் இழுப்பு வந்துவிடும். வாரம் ஒருமுறை ஊசிக்காகப் படப்பையிலிருந்து தாம்பரம் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். அந்தப் பயணத்துக்காகவே, எழுபதுகளின் இறுதியில், ஒரு பழைய காரின் எஞ்சினை அகற்றிவிட்டு, கிடங்குகளில் சுமை தூக்கும் வண்டி ஒன்றின் மோட்டாரையும் வரிசையாகப் பாட்டரிகளையும் பொருத்தினேன். மெதுவாகத்தான் போகும். ஆனால் அதில் அவள் இருமாமல் போய் வந்தாள்.

புரட்டாசித் தொடக்கத்தில் மோட்டாரில் ஏதோ உராயும் ஒலி கேட்டது. அதைக் கழற்றி, மேசைமேல் இறுக்கி, பாட்டரிகளின் முழு மின்னழுத்தத்தையும் கொடுத்தேன். இவ்வகை மோட்டாரைச் சுமையின்றி ஓட்டினால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறித் தன்னையே சிதைத்துக்கொள்ளும் என்று ஆண்டுதோறும் கல்லூரிக் கரும்பலகையில் எழுதியவன் நான். சில வினாடிகளில் சுழலும் பாகத்தின் செப்புக் கம்பிகள் பிய்ந்து வெளியே தெறித்தன. முந்தைய சில இரவுகள் நான் தூங்கியிருக்கவில்லை. அதைக் காரணமாகச் சொல்லமாட்டேன்.

படப்பையில் கிணற்று மோட்டார்களுக்குக் கம்பி சுற்றித் தரும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னா சார், காருக்குக் கரண்டா? பெட்ரோல் பங்க்காரன் உங்க மேல கேஸ் போட்ருவான்!”

நானும் சிரித்துவைத்தேன். யாருக்காக அந்த வண்டி என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை.

வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. ஒரு வார ஊசி தவறிப்போனது. இனி ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அடுத்த ஊசிக்குரிய நாள் ஆயுத பூசையாக அமைந்தது. அன்று காலை கடைக்குப் போனேன். கம்பி சுற்றி, வார்னிஷ் காய்ந்து, நுனிகளை ஈயத்தால் பற்றவைப்பது மட்டுமே மீதமிருந்தது. ஒரு மணி நேர வேலை. ஆனால் பற்றவைக்கும் இரும்பு, சுத்தியல், குறடு எல்லாம் சாமி படத்தின் முன் சந்தனமும் குங்குமமும் வைத்து அடுக்கப்பட்டிருந்தன. அவர் என் கையில் பொரிகடலைப் பொட்டலத்தைத் திணித்தார்.

“பூசைல வச்சத இன்னிக்குத் தொடக்கூடாது சார். நாளைக்குக் காலீல மொத வேல உங்குளுதுதான். இன்னா, அவசரமா?”

மூச்சுக்குத் தவிக்கும் மனைவியைப் பற்றி ஒரு கடை வாசலில் நின்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பிறருடைய வழிபாட்டில் குறுக்கிடலாகாது என்பதையும் எனக்குச் சாதகமாகச் சேர்த்துக்கொண்டேன்.

“அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல” என்றேன்.

வீட்டில் அவள் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“கேட்டீங்களா?”

“கடை பூட்டியிருந்தது.”

பிற்பகலில் இழுப்பு முற்றியது. வாடகைக் கார் பிடித்தேன். ஈரக் கைக்குட்டையை மூக்கில் பொத்தியபடி அவள் ஏறினாள். முடிச்சூரைத் தாண்டுவதற்குள் என் தோளில் அவள் தலை கனத்தது. எந்த வண்டியில் வந்திருந்தாலும் இது நேர்ந்திருக்கக்கூடும் என்றார் மருத்துவர். இருக்கலாம்.

மறுநாள் முற்பகலில், மோட்டாரைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு அவரே வந்தார். வாசலில் கூடியிருந்தவர்களிடம் விசாரித்தறிந்து என்னிடம் வந்து நின்றார்.

“அம்மாவுக்கோசரம்னு ஒரு வார்த்த சொல்லிர்க்கக் கூடாதா சார்? எடுத்து பத்த வச்சிருப்பேனே. சாமி இன்னா கண்ணயா குத்திடும்?”

பிறகு அவர் கார் நின்ற கொட்டகைக்குப் போனார். மோட்டாரை வண்டியில் பொருத்தி, ஓடுகிறதா என்று பார்க்க ஆள் அனுப்பி என்னை அழைத்தார். நான் எழுந்து போகவில்லை.