கேமராவுக்கு நடப்பவர்கள்

1. வெள்ளிக்கிழமைக் கொலுசு

அன்று காலை திரையில் நித்யாவுக்கு மூன்று கணுக்கால்கள் இருந்தன. இரண்டு அவளுடையவை. மூன்றாவது, கொலுசு.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். வேங்கிக்காலில், முன்பு சோபா விற்ற ஒரு ஷோரூமில்தான் நடையை அளக்கும் எங்கள் லேப். சுவரைச் சுற்றி இன்ஃப்ராரெட் கேமராக்கள், தரைக்குள் எடையை அளக்கும் பிளேட். வருகிறவரின் இடுப்பு, முட்டி, கணுக்காலில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்ன உருண்டைகளை ஒட்டுவோம். அவற்றுக்குப் பெயர் மார்க்கர். கேமரா மனிதரைப் பார்க்காது. முகம், நிறம், ஜாதகம் எதுவும் அதற்கு வேண்டாம். இருட்டில் மிதக்கும் ஒளிப்புள்ளிகளை மட்டும் பார்க்கும். கம்ப்யூட்டர் அவற்றைக் கோடு போட்டு இணைத்து ஒரு குச்சி மனிதனை நடக்கவிடும். எந்த மூட்டு எவ்வளவு மடங்குகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, பாரம் எங்கே விழுகிறது, எல்லாம் கிராஃபாக வரும்.

கேட்க அழகாக இருக்கும். ஆனால் பளபளக்கிற எதையும் கேமரா எலும்பு என்று நம்பிவிடும். ஜரிகை, சேஃப்டி பின், கொலுசு எல்லாமே எலும்புதான். எண்ணெய்த் தோலில் மார்க்கர் ஒட்டாது. அதனால் போனிலேயே படித்துப் படித்துச் சொல்வேன்: எண்ணெய் வேண்டாம், நகை வேண்டாம், ஷார்ட்ஸ் கொண்டு வாருங்கள். எல்லாவற்றுக்கும் "சரிங்க மேடம்" என்பார்கள். தலையிலிருந்து கால் வரை எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஜரிகைப் பாவாடை கட்டி, கொலுசு குலுங்க வந்து நிற்பார்கள். ஆஸ்பத்திரிக்கே கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வருகிற ஊர் இது.

நித்யாவும் அப்படித்தான் வந்தாள். வயது இருபத்தைந்து இருக்கும். செங்கம் ரோட்டில் ஒரு காபி கடையில் நாள் முழுக்க நின்றபடியே வேலை. கூட வந்தவர் அவள் அம்மா சரோஜா. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரம் இளநீர்க்கடை வைத்திருக்கிறவர்.

"கொலுசக் கழட்டணுங்க" என்றேன்.

"இன்னா மேடம், வெள்ளிக்கிழமை அதுவுமா. மாப்ள பாத்துக்கினு இருக்கிற பொண்ணு."

"கேமராவுக்குக் கிழமை எல்லாம் தெரியாதும்மா."

"கிழமை தெரியாத கேமராவுக்குக் கொலுசு மட்டும் ஏன் தெரியுது?"

எலக்ட்ரீஷியன் விட்டுப்போன கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்துக் கொலுசைச் சுற்றி ஒட்டினேன். மூன்றாவது கணுக்கால் மறைந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து எண்ணெயைத் துடைத்துத் துடைத்து என் விரல் நுனிகள் வெளுத்துப்போயின. அதற்குள் எனக்குப் பாதி உயிர் போயிருந்தது.

2. நல்ல நடை

நித்யாவுக்குப் பிறவியிலேயே இடது இடுப்பின் கிண்ணம் ஆழம் கம்மி. தொடை எலும்பின் பந்து அதில் முழுதாக உட்காராமல் விளிம்பில் தேய்கிறது. வேலூர் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு எங்களிடம் அனுப்பியிருந்தார். "எக்ஸ்ரே நின்ன இடத்துல எடுத்தது. நடக்கும்போது இந்த இடுப்பு இன்னா பண்ணுதுனு பாத்து அனுப்புங்க, அப்புறம் முடிவு பண்றேன்" என்று போனில் சொன்னார். இப்போதே அறுவை செய்தால் கிண்ணத்தைத் திருப்பி வைத்து அவளுடைய சொந்த மூட்டையே காப்பாற்ற வழி இருக்கலாம். தேய விட்டுவிட்டால் பிறகு உலோக மூட்டுதான். நடை நன்றாக இருக்கிறது என்று என் ரிப்போர்ட் சொன்னால், ஃபைலை மூடி வைத்துவிடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். ஒரு பெண்ணின் இடுப்பு, என் கிராஃபில் தொங்கிக்கொண்டிருந்தது.

நடக்கச் சொன்னேன். நடந்தாள். ஏரித் தண்ணீரில் காற்று போகிற மாதிரி ஒரு நடை. சாய்வு இல்லை, இறக்கம் இல்லை. மறுபடி நடக்கச் சொன்னேன். அதே நடை. கோடு கோட்டின்மேல் படிந்தது.

எக்ஸ்ரே ஒன்று சொல்கிறது, கிராஃப் ஒன்று சொல்கிறது. மார்க்கரைப் பிடுங்கி மறுபடி ஒட்டினேன். கேமராக்களை அளவு சரிபார்த்துக் கேலிப்ரேட் செய்தேன். பிளேட்டின்மேல் நானே ஏறி நின்று பார்த்தேன். எல்லாம் சரி. எரிச்சல் உச்சந்தலையில் ஏறியது.

கதவுக்கு வெளியே மேனேஜர் பாஸ்கர் தட்டினார். "மேடம், செங்கம் ரோடு யோகா மாஸ்டர் வந்துட்டாரு. அவரு சூரிய நமஸ்காரத்தக் கம்ப்யூட்டர்ல பாக்கணுமாம். இன்னும் எவ்ளோ நேரம்?"

"கிராஃப் தப்பா வருது சார்."

"கெட்டதா வருதா?"

"நல்லா வருது."

"நல்லா வந்தா நல்லதுதான மேடம்? ரிப்போர்ட் அடிச்சுடுங்க."

நாற்காலியில் இருந்த சரோஜா சிரித்தார். "சார் கரெக்டா சொல்றாரு. எம்பொண்ணு நடை நல்லா இருக்குனு சீல் போட்டு ஒரு பேப்பர் குடுங்க மேடம். போளூர்ல மாப்ள வீட்டுக்காரங்ககிட்ட காட்டணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறார், இவர் வேறொன்றுக்கு வந்திருக்கிறார். அதுவரை என் காதில் விழுந்தும் விழாமல் இருந்த சத்தமும் இப்போது கேட்டது. நித்யா நடக்கும்போதெல்லாம் சரோஜா மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்: "தோள இறக்கு... நேரா பாரு... ம், அப்டியே போ."

3. திரும்பி வரும் வழி

எங்கள் பாதை ஒரு பக்கம்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பதைப் பதிவு செய்வோம். திரும்பி வருவதைப் பதிவு செய்ய மாட்டோம். அது வெறும் காலி நேரம், நான் கிராஃபில் தலையைப் புதைத்திருக்கும் நேரம். ஆனால் பதிவு நின்றாலும் திரையில் குச்சி மனிதன் நடந்துகொண்டுதான் இருப்பான்.

அடுத்த முறை தலையை நிமிர்த்தித் திரும்பி வருவதைப் பார்த்தேன். இடது கால் ஊன்றியதும் குச்சி மனிதனின் வலது இடுப்பு சரிந்தது. உடம்பு மொத்தமும் இடப்பக்கம் சாய்ந்து எழுந்தது. பாரம் ஏற்றிய மாட்டு வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறுகிற மாதிரி. தொடக்கக் கோட்டுக்கு வந்து திரும்பியதும் மறுபடி ஏரித் தண்ணீர்.

மார்க்கர் சரிசெய்கிற சாக்கில் அவள் பக்கத்தில் குனிந்தேன். "திரும்பி வரும்போது வேற மாதிரி நடக்கிறியேம்மா."

அவள் அம்மாவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு, "போகும்போது நடந்தது பொண்ணு பாக்க வரும்போது நடக்கிற நடை மேடம். சமையல்கட்டுல இருந்து ஹாலுக்குத் தட்டு எடுத்துக்கினு வர தூரத்துக்குத்தான் வரும். அதுக்கு மேல போனா இடுப்புல கத்தி சொருகுன மாதிரி இருக்கும்" என்றாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"பத்தாவது படிக்கும்போதிலிருந்து தினமும் மொட்ட மாடியில அம்மாதான் நடக்க வைப்பாங்க."

நான் நிமிர்ந்து சரோஜாவிடம் போனேன். குரலை அடக்கத்தான் பார்த்தேன். அது அடங்கவில்லை. "இது டிரைவிங் லைசென்ஸுக்கு எட்டு போடுற இடம் இல்லீங்க. வலி எங்க இருக்குனு கண்டுபிடிக்கிற இடம். நீங்க அத ஒளிச்சு வச்சுட்டு என்னத் தேடச் சொல்றீங்க."

சரோஜாவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க மேடம். ஆபரேஷன், தழும்புனு ஊருக்குத் தெரிஞ்சா, பொண்ணு பாக்க வரவங்க முன்னாடி உக்காந்து பதில் சொல்றது நானு. நீங்களா வந்து சொல்வீங்க?"

"வலிக்கிறது அவளுக்குங்க."

"எனக்குத் தெரியாதா? நைட்டெல்லாம் ஒத்தடம் குடுக்கிறது யாருனு நினைச்சீங்க?"

அதற்குள் நித்யா தானாகவே தொடக்கக் கோட்டுக்குப் போய் நின்றிருந்தாள்.

"மேடம், கேமரா போடுங்க. திரும்பி வரதையும் எடுங்க."

"நித்யா" என்றார் சரோஜா.

"என் இடுப்புமா. எத்தினி நாளுக்கு நீ புடிச்சுக்கினு இருப்ப?"

சரோஜா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நித்யா தன் நிஜ நடையை நடந்தாள், போகவும் வரவும். தரைக்குள் இருந்த பிளேட், விளிம்பில் விழுந்த பாரத்தை அப்படியே எழுதியது. வெளியே பாஸ்கர் மறுபடி தட்டினார். சூரியன் காத்திருக்கட்டும் என்றேன்.

4. இரண்டும்

எல்லாம் முடிந்ததும் முதலில் எடுத்த நல்ல நடைகளை அழிக்க உட்கார்ந்தேன். பொய் டேட்டா. எனக்கு அதன்மேல் சொந்தப் பகையே வந்திருந்தது. பட்டனில் விரல் வைத்திருந்தபோது, உடை மாற்றிக்கொண்டு வந்த நித்யா பின்னால் நின்றாள்.

"அதை ஏன் மேடம் அழிக்கிறீங்க?"

"அது உன் நடை இல்லியே."

"நான்தான நடந்தேன்? எவ்ளோ கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டது. அதையும் அனுப்புங்க."

தர்க்கம் பேச எனக்குத் தெம்பில்லை. இரண்டையும் அனுப்பினேன். எது எது என்று பெயர் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி.

வேலூர் டாக்டர் மறுநாளே போன் செய்தார். "மேடம், சாதாரணமா நடந்தது எதிர்பார்த்ததுதான். எனக்கு வேலைக்கு ஆனது அந்த இன்னொன்னுதான். வலியோடயும் இடுப்ப சரியாம தூக்கிப் பிடிக்கிறாள்னா பக்கத்துத் தசைக்கு நல்ல பலம் இருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் அவளத் தூக்கி நிறுத்தப் போறது அதுதான். கிண்ணத்தத் திருப்பி வச்சுடலாம். மூட்ட மாத்த வேணாம்."

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். திரும்பி வருவதையும் பதிவு செய்யுங்கள், செய்கிறோம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு. உங்களுக்கு எரிச்சல் மூட்டிய பதிவை அன்றைக்கே அழிக்காதீர்கள். கேமராவுக்கு முன்னால் ஒருவர் நடித்த நடைக்கும் தசை வேண்டும், மூட்டு வேண்டும். அதுவும் டேட்டாதான்.

டாக்டர் சொன்னதைச் சரோஜாவிடம் நானே போனில் சொன்னேன். அறுவைக்குச் சம்மதிப்பாரா என்று எனக்குப் பயம். மொட்டை மாடி நடையால் வந்த பலம் என்பதை அழுத்திச் சொன்னேன். அந்தப் பக்கம் இளநீர் வெட்டும் சத்தம் கேட்டது.

"எப்ப வரணும்னு கேட்டுச் சொல்லுங்க மேடம்" என்றார் கடைசியில். "பௌர்ணமி அன்னிக்கு மட்டும் வேணாம். கிரிவல வியாபாரம் இருக்கு."