ஏழு பனைகளின் கரி

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று திரும்பும் தேதியைப் பன்னிரண்டு வருடமாக நாட்குறிப்பில் எழுதி வருகிறேன். சராசரி போட்டால் வைகாசி ஐந்து. அதனால் தோட்டத்தில் வெட்டிப் போட்ட சீமைக்கருவேல முள்ளைச் சித்திரைக்குள் எரித்துவிடுவேன். ஊரிலும் என்னிடம் தேதி கேட்டுத்தான் எரிப்பார்கள்.

போன வருடம் சித்திரை இருபதாம் தேதி, காலை ஏழரைக்குத் தீ வைத்தேன். எட்டே காலுக்குக் கச்சான் வந்துவிட்டது. நெருப்பு வேலியைத் தாண்டி, பக்கத்துத் தோட்டத்து மதினியின் ஏழு பனைகளையும் சுற்றி எரிந்த பிறகே அடங்கியது.

மறுநாள் அங்கே போய் நின்றேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. அப்போதுதான் கவனித்தேன்: அநேக மரங்களில் காற்று வந்த பக்கம் அடிமரம் வெளுப்பாக இருந்தது, மறைவுப் பக்கம்தான் கருகியிருந்தது. நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

வீட்டுக்குப் போய் இரண்டு பழைய வேட்டிகளை ஏழு துண்டாகக் கிழித்து வந்தேன். மரத்துக்கு ஒன்றாகச் சுற்றிக் கட்டி, உள்ளங்கையால் தேய்த்தேன். பனையின் வளையங்கள் வரி வரியாகத் துணியில் இறங்கின. ஓரத்தில் மரத்தின் எண்ணையும் திசையையும் பென்சிலால் குறித்தேன்.

மதினி வந்துவிட்டார்.

"என்ன கொழுந்தனாரே, எரிச்சது பத்தாதுன்னு சீலை வேற கட்டி விடுறீகளா?"

"நெருப்பு எப்படிப் போச்சுன்னு பாக்குறேன் மதினி."

"அதான் போயிருச்சே. மரம் அறுக்க நாளைக்கு ஆள் வாராக. கரிஞ்சத வச்சு என்ன செய்ய?"

துணிகளைத் தரையில் விரித்தேன். மதினி குத்தவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறு துணிகளில் பாதி வெள்ளை; காற்று தீயை மரத்தின் மறைவில் சுழற்றி, அந்தப் பக்கத்தை மட்டும் எரித்திருந்தது. ஏழாவது முழுக்கக் கருப்பு.

"இந்த ஆறும் ஒரு பக்கம் வேகவே இல்லையே," என்று அண்ணாந்து பார்த்தார். "ஆடி வரைக்கும் விட்டுப் பாப்போம். குருத்து வரலைன்னா நீங்களே அறுத்துக் குடுக்கணும்."

அன்று மாலை பன்னிரண்டு வருடத் தேதிகளையும் சராசரி போடாமல் வரிசையாக எழுதினேன். கடைசி நான்கு வருடங்களாகக் கச்சான் கொஞ்சம் கொஞ்சமாக முந்தி வந்திருந்தது. எல்லாம் என் கையெழுத்தில்தான் இருந்தது.

ஆடியில் ஆறு பனைகளில் குருத்து விரிந்தது. ஏழாவதின் கொண்டை சாய்ந்தது. அதை நானே ஆள் வைத்து அறுத்துக் கொடுத்தேன். அதன் துணியை மதினி கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்தச் சித்திரையில் தேதி கேட்டு வந்தவர்களை மதினி வீட்டுக்கு அனுப்பினேன். வாசல் கொடியில் அந்தத் துணி தொங்குகிறது.

"முதல்ல இதத் தொட்டுப் பாருங்க," என்கிறாராம். "பெறகு காத்தப் பாத்துட்டுக் கொளுத்துங்க. கொழுந்தனார் நோட்டப் பாத்துக் கொளுத்தாதீக."

தொட்டால் இன்னமும் விரலில் கரி ஒட்டுகிறது.